கவிழ்த்துப் போட்ட தொட்டியை நிமிர்த்தி வையுங்கள்

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையில் இந்தக் குடியிருப்புக்கு நான் வந்து 11 வருடம் ஆகிறது. மோட்டார் ரூம் பின்னால் இருக்கும் சந்துக்கு ஏன் கம்பிக் கதவு போட்டீர்கள், நாய்களுக்குத் தண்ணீர் வைத்திருந்த சிமெண்ட் தொட்டியை ஏன் கவிழ்த்தீர்கள் என்பதெல்லாம் மீட்டிங்கிலேயே பேசி முடித்ததுதான். போன சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பகல் ஒரு மணி. அந்தச் சந்து நிழலில் படுக்கிற தெருநாய் செவலை, கொதிக்கிற பேவர் பிளாக் மேல் கால் பரப்பிக் கிடந்தாள். வாயில் பசை மாதிரி எச்சில். ஈறு செக்கச் சிவந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் காதுகூட அசையவில்லை. வாட்ச்மேன் அண்ணனும் நானும் நிழலுக்குத் தூக்கிப்போய் வயிற்றிலும் பாதத்திலும் குழாய்த் தண்ணீர் ஊற்றி அட்டையால் விசிறினோம். ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போகிற வழியில், மூலக்கொத்தளம் சிக்னலில் மூச்சு நின்றுவிட்டதென்றே நினைத்தேன். சூடு பார்த்தார்கள், 107 டிகிரி. நாய்க்கு 101, 102தான் இயல்பு.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிப் பிழைத்தாள். திரும்பி வந்ததும் நேராக அந்தக் கம்பிக் கதவுக்குத்தான் போனாள். உள்ளே தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது. கம்பிக்குள் மூக்கை விட்டபடி ரொம்ப நேரம் நின்றாள். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வேர்வை. மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். நம் கடலோரப் புழுக்கத்தில் நாக்கின் ஈரம் சீக்கிரம் காயாது, இரைத்தும் சூடு இறங்காது. அதனால்தான் நிழலும் தண்ணீரும் கேட்கிறேன். தொட்டியை நிமிர்த்தி வையுங்கள். பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரையாவது கதவைத் திறந்து விடுங்கள்.

கொசு வரும் என்றீர்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். அந்தத் தொட்டியைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவியவள் நான். மூடியில்லாத சம்ப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே! குழந்தைகளைக் கடித்துவிடும் என்ற பயம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. செவலைக்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் ஆகிவிட்டன. தெருநாய்களுக்குச் சாப்பாடு வைக்க, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வாசலுக்கும் படிக்கட்டுக்கும் தள்ளி ஓர் இடம் ஒதுக்குவது சங்கத்தின் பொறுப்பு என்று 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளே சொல்கின்றன. அந்தச் சந்து அப்படிப்பட்ட இடம்தான்.

கார் நிறுத்த இரண்டு வேப்ப மரத்தை வெட்டினோம். கன்டெய்னர் லாரிப் புகையில் வாழ்கிற வடசென்னைக்காரர்கள் நாமே இருந்த நிழலையும் அழித்தால், யாரிடம் போய் நியாயம் கேட்பது? வீட்டில் நாய் வளர்ப்பவர்களும் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கட்டிவைக்கிறார்கள், வெயில் ஏறியபின் தார் ரோட்டில் நடக்க வைக்கிறார்கள். புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொட்டியை நிமிர்த்தி வைக்க அனுமதி கொடுங்கள், அது போதும். சாவியை வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவிட்டால், காலை ஆறு மணிக்கு நானே கழுவி நிரப்பிவிடுவேன். கத்திரி முடியட்டும், அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
முதல் மாடியில் குடியிருப்பவள்