கொப்பி போதும், சனிக்கிழமை தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த விடுமுறையில் யாழ்ப்பாண நகரப் பாடசாலை ஒன்றின் உயர்தர வகுப்பு மாணவர்கள் இருபத்திரண்டு பேர் வடமராட்சி கிழக்கில் உள்ள எங்கள் கிராமத்துக்கு வந்து, மூன்று நாள் தங்கிப் பிள்ளைகளுக்கு உதவினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லவும், அவர்களிடமும் அவர்களை அனுப்பிவைத்த பெரியவர்களிடமும் ஒன்றைக் கேட்கவும் இதை எழுதுகிறேன். நான் முப்பத்தொரு வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வுபெற்றவள். சனசமூக நிலைய வாசிகசாலையின் திறப்பு இப்போது என் வீட்டுச் சுவர் ஆணியில் தொங்குகிறது.

வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். முன்பள்ளிச் சுவருக்கு நிறம் பூசினார்கள். ஆளுக்கு ஐந்து கொப்பியும் ஒரு புத்தகப்பையும் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவதைக் கண்ட இரண்டு பெடியன்கள், யாரும் சொல்லாமலே, விளையாட்டு மைதானத்தில் ஒரு பின்னேரம் முழுக்கக் குனிந்திருந்து நெருஞ்சி முள்ளைப் பிடுங்கினார்கள். அவர்களைப் பெற்றவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் நான் மறக்க முடியாதது வேறொன்று. எங்கள் ஊரில் ஒரு பையன் இருக்கிறான். அவன் பெயர் இங்கே வேண்டாம். கொப்பியைத் திறந்தால் முத்து முத்தான எழுத்து. கரும்பலகையில் இருப்பதை அச்சுப்போல எழுதிவிடுவான். கொப்பி நிறையச் சிவப்பு மையில் 'சரி' விழுந்திருக்கிறது. வந்த மாணவிகளில் ஒருத்தி அவனிடம் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அவன் படத்தைப் பார்த்துக் கதை சொன்னான். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே படத்தை உள்ளங்கையால் மறைத்து, "இப்போது சொல்லுங்கள்" என்றாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அவளும் மற்றவர்கள் முன்னால் ஒரு வார்த்தை பேசாமல், அவனைப் பூவரச மரத்தடிக்கு அழைத்துப்போய் மணலில் எழுதத் தொடங்கினாள்.

க, கா, கி எல்லாம் தெரிந்தது. கொம்பும் (ெ) அரவும் (ா) சேர்ந்து வந்த இடத்தில்தான் தடுமாற்றம். 'கொ' என்பதை 'கெ' என்றும் 'கா' என்றும் பிரித்துப் படித்தான். எல்லாம் சேர்ந்து ஒரே எழுத்து, அதற்கு ஒரே ஒலி என்று யாரும் அவனுக்குப் பக்கத்தில் இருந்து காட்டவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அவன் கொக்கு, கோழி, தோணி என்று வாசித்தான். பிறகு கரையில் இழுத்துவிட்டிருந்த படகுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தபடி வீட்டுக்குப் போனான். நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பஸ் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை அவன் தலை இழுத்து, வெளிக்கிட்டு வந்து வாசிகசாலைப் படியில் இருந்தான். "அந்த அக்கா இன்றைக்கு வரமாட்டாவா ரீச்சர்?" என்று கேட்டான்.

இந்தப் பிள்ளை 2020 தை மாதம் தரம் ஒன்றில் சேர்ந்தவன். அந்த மார்ச்சிலேயே கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசியில் வந்தன. வீட்டில் இருந்த ஒரு கைத்தொலைபேசி தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது மறுபடியும் பள்ளிக்கூடம் இல்லை. தூரத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் எதில் வருவார்கள்? எழுத்துப் பழக வேண்டிய காலம் இப்படியே கழிந்தது. அதன்பின் புலமைப்பரிசில் பரீட்சை என்ற ஓட்டம். தரம் ஆறுக்கு மேல் கொம்பையும் அரவையும் படிப்பிக்க எந்தப் பாடவேளையிலும் இடமில்லை. காலையில் கரைவலை இழுக்கப் போனால் கறிக்கு மீன் கிடைக்கும் என்றிருக்கும் வீட்டில், வாசிக்கத் தெரியாத பிள்ளை எத்தனை நாள் வகுப்பில் இருப்பான்? நான் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தேன். அவனைப்போல எங்கள் கிராமத்தில் மட்டும் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். எனக்கோ ஒரு கண்ணில் வெண்புரை.

உதவி வந்து போவதை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். 2004 மார்கழி 26இல் சுனாமி அடித்த பிறகு, என் வகுப்பில் எஞ்சிய பிள்ளைகளிடம் ஆளுக்கு மூன்று புத்தகப்பை இருந்தது. கொடுத்தவர்களின் முகம் ஒன்றும் நினைவில் இல்லை. கிழமை தவறாமல் வந்து, பிள்ளைகளோடு மணலில் இருந்து பேசிக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் முகம் மட்டும் இருக்கிறது. கடலைக் கண்டாலே அழுத பிள்ளைகள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி கரைக்குப் போனார்கள்.

ஆகவே அதிபர்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் கேட்கிறேன். அடுத்த முறை சொகுசு பஸ்ஸும் பதாகையும் ஒரே நிறத்தில் ரீசேட்டும் வேண்டாம். அந்தக் காசில் நாலு பிள்ளைகளுக்கு ஒரு வருட பஸ் கட்டணம் கொடுங்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அந்த நாலு பேரும் வரட்டும். உயர்தர மாணவர்களுக்குச் சனிக்கிழமை முழுக்க ரியூசன் என்பது எனக்குத் தெரியும். பரீட்சை எழுதி முடித்தவர்களை அனுப்புங்கள். பெறுபேறு வர மாதக்கணக்காகிறது. பல்கலைக்கழகம் போக அதற்கு மேலும் ஆகிறது. அந்தக் காலத்தில் ஒருவர் ஒரே பிள்ளையோடு இருந்தால், அந்தப் பிள்ளை வாசித்துவிடும். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை ஒரு காலையில் நான் காட்டித் தருவேன்.

இன்னொன்று. படம் எடுக்காதீர்கள். முன்பு வந்த வேறொரு குழு, கொப்பிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளைப் படமெடுத்து முகநூலில் போட்டது. அதில் தன் கிழிந்த சட்டையைக் கண்ட ஒரு சிறுமி இன்றுவரை வாசிகசாலைப் பக்கம் வருவதில்லை.

புறப்படும்போது அந்த மாணவர்கள், "அடுத்த வருடமும் வருவோம் ரீச்சர்" என்றார்கள். மனதாரச் சொன்னார்கள். ஆனால் அடுத்த வருடம் அவன் கரைவலைக்குப் போயிருப்பான். மணலில் எழுதிக்காட்டிய அந்தப் பிள்ளை இதைப் படித்தால் அவளுக்கு ஒரு செய்தி: நீங்கள் விட்டுப்போன கதைப் புத்தகத்தில் அவன் இப்போது ஒன்பதாம் பக்கத்தில் நிற்கிறான். 'நௌ' வந்திருக்கிறது, அதில் வரும் 'ள'வைத் தனி எழுத்தாகப் படிக்கிறான். சனிக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு வாசிகசாலையைத் திறந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வடமராட்சி கிழக்கு.