ஆறாம் பாடத்துத் தாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் கேட்டால் "நல்லா போகுதுப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். மூன்றாவது சான்றிதழும் வந்தது, அம்மா அதைக் காட்டாத ஆள் பாக்கியில்லை. எனக்கும் பெருமைதான். ஆனால் இரண்டு மாதத்தில் மூன்று ஆன்லைன் வகுப்பு என்றால் தொழிலை எப்போது பார்க்கிறாய்?

"நீங்களும் பாருங்கப்பா" என்று பாஸ்வேர்டு கொடுத்தாயே, உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்திருக்கிறாய், எனக்குத் தலை சுற்றியது, குறைத்துக்கொண்டேன். வகுப்பு எடுப்பவர் நன்றாகத்தான் சொல்லித்தருகிறார். கடனுக்கு விற்ற சரக்கு கணக்கில் லாபமாக நிற்கும், காசு கைக்கு வந்திருக்காது, ஆனால் சரக்கு போட்டவருக்கும் வாடகைக்கும் காசாகத்தான் கொடுத்தாக வேண்டும், லாபம் காட்டும் கடையே இதில் மூச்சு முட்டிப் போகும் என்றார். எனக்கு இவ்வளவு காலம் கழித்து உறைத்தது.

ஒரு பாடம் பார்த்தால் அன்றைக்கே அதிலிருந்து ஒன்றை உன் தொழிலில் செய்துபார், அதற்குமுன் அடுத்த பாடத்தைத் தொடாதே. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவைத்தார், படித்ததில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் கைநழுவிவிடும் என்று. வீடியோ முடிந்ததும் மூடிவைத்துவிட்டு, பார்க்காமல் எழுது, இரண்டு நாள் விட்டு மறுபடி எழுது. நேரலை வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு உட்காராதே, உன் கணக்கையே வைத்துக் கேள்வி கேள். நான்காவதாக அந்த விளம்பர வகுப்பு வேண்டாம், முதலில் காசு எங்கே ஒழுகுகிறது என்று பார். திரும்பவும் சொல்கிறேன், ஒரு பாடம், ஒரு வேலை.

சரி, சுற்றி வளைத்தது போதும். ஆறாம் பாடத்தில் அடுத்த 13 வாரத்துக்கு வரவு, செலவு, கையிருப்பு எழுதும் தாள் இருக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் பச்சை டிக் விழுந்திருக்கிறது. அந்தத் தாளில் முதல் வாரத்துக்கு ஒரு தொகை, அப்புறம் ஒன்றுமேயில்லை.

அந்த வெற்றுக் கட்டங்கள் எனக்குப் பழக்கம். தொழில் சரிந்த வருஷம் நான் மாலை நேரக் கணக்குப்பதிவு வகுப்பில் சேர்ந்தேனே, "இந்த வயசிலும் படிக்கிறார் பார்" என்று அம்மா உன்னிடம் சொல்வாளே, நான் எங்கே படிக்கப் போனேன்? பாக்கி கேட்பவர்கள் சாயங்காலம்தான் வருவார்கள், வகுப்பில் இருந்தால் அவர்கள் கண்ணில் படவேண்டாம். யாருடைய கணக்கையோ பைசா பிசகாமல் நேர்செய்தேன், என் பேரேட்டைத் திறக்கவேயில்லை. வண்டியை விற்றதற்கு உங்களிடம் சொன்ன காரணமும் பொய். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

இனி உன் கணக்குக்குள் நுழையமாட்டேன், பாஸ்வேர்டை மாற்றிக்கொள். இரண்டாம் வாரம் மைனஸில் வந்தாலும் எழுது. எழுதிவிட்டுக் கூப்பிடு, ராத்திரி எந்நேரமானாலும் சரி. அம்மா தூங்கியபிறகு போன் என்னிடம்தான் இருக்கும்.

அப்பா