'ஒண்ணும் பண்ணாது' என்று இனி சொல்லாதீர்கள்

வீட்டில் சின்னக் குழந்தைகளோடு நாயும் வளர்க்கும் அம்மா, அப்பாக்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்திதான். எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு 8 வயது, சின்னவளுக்கு 4. அவர்களோடு இரண்டரை வயதில் ஒரு நாய், பெயர் பஞ்சு. ஆண் நாய். வீட்டில் எல்லோருக்கும் 'அவன்' என்றே பழகிவிட்டது, இந்த மடலிலும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரே ஒரு பேச்சைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். வாசலில் யாராவது நாயைப் பார்த்துத் தயங்கி நின்றால் நம் வாயில் தானாக வரும் பேச்சு அது. "ஒண்ணும் பண்ணாது, உள்ள வாங்க." வந்திருப்பது குழந்தை என்றால், "பயப்படாத, சும்மா தொட்டுப் பாரு."

இரண்டு மாதம் முன்புவரை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். மூத்தவளின் தோழி ஒருத்தி முதல் தடவையாக வீட்டுக்கு வந்தபோதும் சொன்னேன். அந்தப் பெண் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, சுவரை ஒட்டி ஒட்டியே உள்ளே வந்தாள். பஞ்சு அவளைச் சுற்றி வந்து மோந்து பார்த்தான். நான் சிரித்துக்கொண்டே திரும்பவும் அதையே சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பஞ்சுவின் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். மூத்தவள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பஞ்சு சோபா ஓரமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அதே அறையில், நாலடி தள்ளி, துணி மடித்துக்கொண்டிருந்தேன். சின்னவள் ஓடி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அவன் காதின்மேல் வைத்து அழுத்தினாள். தினமும் செய்வதுதான். அவன் உறுமினான். அவள் இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவன் பல் தெரிய உதட்டைத் தூக்கினான், சட்டென்று தலையைத் திருப்பினான், வாய் காற்றில் ஒரு தடவை மூடித் திறந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பல் படவில்லை. அவள் கன்னத்தில் எச்சில் ஈரம் மட்டும் இருந்தது.

கணவர் ஓடி வந்து போட்ட சத்தத்தில் பஞ்சு மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டான். நான் சின்னவளைத் தூக்கி, கன்னம், கண், காது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். அவள் அழவே இல்லை. "அம்மா, பஞ்சு என்னைப் பாத்துச் சிரிச்சான்" என்றாள்.

அவளுக்கு அது சிரிப்பாகத்தான் தெரிந்திருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் என்ற உளவியல் பேராசிரியர் இதை ஆராய்ந்திருக்கிறார். சின்னக் குழந்தைகள் பலர் பல்லைக் காட்டும் நாயின் முகத்தைப் பார்த்து, அது சந்தோஷமாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். மனிதர்களிடம் பல் தெரிந்தால் சிரிப்பு. அந்தக் கணக்கை அப்படியே நாய்க்கும் போடுகிறார்கள். நாம் விலகிப் போகும் இடத்தில் அவர்கள் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோகிறார்கள்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போனோம். மூத்தவளும் கூட வந்தாள். மருத்துவர் பஞ்சுவின் இடது காதைத் தூக்கியதும் அவன் உடம்பு விறைத்தது. உள்ளே சிவந்து வீங்கி, கெட்ட வாடை அடித்தது. காதில் தொற்று. சில நாளாகவே வலித்திருக்கும் என்றார். "இதுக்கு முன்னாடி ஏதாவது காட்டினானா?" என்று கேட்டார். இல்லை, திடீரென்றுதான் இப்படிச் செய்தான் என்றேன்.

"காட்டினான்மா" என்றாள் மூத்தவள். "பாப்பா வந்தா எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிடுவான். மூஞ்சியத் திருப்பிப்பான். தூக்கம் வராமயே கொட்டாவி விடுவான்."

8 வயதுக் குழந்தை பார்த்ததை நான் பார்க்கவில்லை. அதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

நாய் திடீரென்று கடிப்பது அபூர்வம். கெண்டல் ஷெப்பர்ட் என்ற கால்நடை மருத்துவர் இதை ஓர் ஏணியாக வரைந்து காட்டியிருக்கிறார். கீழ்ப்படிகளில் கண் சிமிட்டுவது, மூக்கை நக்கிக்கொள்வது, கொட்டாவி, தலையைத் திருப்பிக்கொள்வது. அதற்கு மேலே எழுந்து விலகிப் போவது, உடம்பைக் குறுக்கி வாலை இடுக்கிக்கொள்வது. அப்புறம் விறைத்து உற்றுப் பார்ப்பது, உறுமல், காற்றில் கவ்வுவது. கடி என்பது உச்சிப்படி. கீழே இருந்து எத்தனை தடவை சொல்லியும் ஒருவரும் கேட்காதபோதுதான் நாய் மேலே மேலே ஏறுகிறது. பஞ்சு எங்கள் வீட்டில் பல நாளாகக் கீழ்ப்படிகளில் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள் அதைப் பார்த்து, "பாவம், தூக்கம் வருது போல" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மருத்துவர் சொன்ன இன்னொன்றை என் கணவரால் லேசில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உறுமியதற்காக நாயைத் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள் என்றார். திட்டினால் உறுமுவதை நிறுத்திக்கொள்ளும். வலியும் பயமும் அப்படியே இருக்கும். அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். புகை வந்தால் அலறும் கருவியின் பேட்டரியைக் கழற்றி வைப்பது மாதிரி அது. உறுமினால் முதலில் குழந்தையைத் தூக்க வேண்டும், நாய்க்கு இடம் விட வேண்டும், பிறகு ஏன் உறுமினான் என்று பார்க்க வேண்டும். கணவர் அன்று ராத்திரி வெகுநேரம் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பஞ்சு கடைசியில் தானாக வெளியே வந்து அவர் காலடியில் படுத்தான்.

இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? சின்னக் குழந்தைகளைக் கடிப்பதில் பெரும்பாலும் தெரிந்த நாய்தான். சொந்த வீட்டு நாய், தாத்தா பாட்டி வீட்டு நாய், பக்கத்து வீட்டு நாய். அநேகமாக வீட்டுக்குள்ளேயேதான் அது நடக்கிறது, அதுவும் பல தடவை குழந்தை ஆசையாகக் கிட்டே போய்த் தொடும்போது. அவர்கள் உயரத்துக்கு நாயின் வாய் முகத்துக்கு நேராக இருப்பதால் கடி முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. 'எங்க நாய் ரொம்ப சாது' என்று அந்த வீடுகளிலும் சொல்லியிருப்பார்கள். சாதுவான நாய்க்கும் காது வலிக்கும்.

'ஒண்ணும் பண்ணாது' என்று சொல்லும்போது, பயந்து நிற்கும் ஒரு குழந்தையிடம் உன் பயத்தை நம்பாதே என்று சொல்கிறோம். நாயைக் கேட்காமலே அதன் சார்பில் வாக்குக் கொடுக்கிறோம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது வேறு. அதைச் சொன்ன கையோடு நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

நடந்ததைக் கேள்விப்பட்டதும் என் மாமியார், "பொம்பளப் புள்ளைங்க மூஞ்சி. நாயை எங்கயாவது குடுத்துடுங்க" என்றார். பேத்திகள் மேல் இருக்கிற பாசத்தில்தான் சொன்னார், எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. நானும் இரண்டு நாள் அதையே யோசித்தேன்.

பஞ்சு வந்த வருடம் மூத்தவளுக்கு 6 வயது, முதல் பால்பல் ஆடிக்கொண்டிருந்தது. அதே மாதங்களில் அவனுக்கும் பல் விழுந்தது. நாய்க்குட்டிக்கு 28 பால்பற்கள், குழந்தைக்கு 20. குட்டிகள் பெரும்பாலும் விழும் பல்லை விழுங்கிவிடும், எங்களுக்கு ஒன்றே ஒன்று கிடைத்தது, அரிசி மாதிரி, நுனி மட்டும் ஊசியாக. அவள் அதையும் தன் பல்லையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். சின்னவளுக்கு ராத்திரியில் கழிப்பறைக்குப் போகும் நடை இருட்டென்று பயம். "பஞ்சு, வா" என்று ரகசியமாகக் கூப்பிடுவாள், அவன் நகம் தரையில் டக் டக்கென்று கூடவே போகும், திரும்பி வரும். நான் படுத்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்பேன். அவனை அனுப்ப எங்களால் முடியவில்லை. வைத்துக்கொள்வதென்றால் நாங்கள்தான் மாற வேண்டியிருந்தது.

முதலில் மாறியது நான். "பாப்பாவையும் பஞ்சுவையும் கொஞ்சம் பாத்துக்கோ" என்று மூத்தவளிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போவேன். இப்போது சொல்வதில்லை. நாய் வளர்த்தால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும் என்று எல்லோரும் சொல்கிறோம். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பட்டும், சீப்பு எடுத்துத் தரட்டும். ஒரு நாயும் 4 வயதுக் குழந்தையும் இருக்கும் அறைக்கு 8 வயதுக் குழந்தையைக் காவல் வைப்பது பொறுப்பைக் கற்றுக்கொடுப்பது ஆகாது. நானோ கணவரோ கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாத நேரத்தில் நடுவில் ஒரு கதவு சாத்தியிருக்கும். அதே அறையில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நானும் அதே அறையில்தான் இருந்தேன்.

அலமாரிக்குப் பக்கத்து மூலையில் அவன் பாய். அதைச் சுற்றி மூத்தவள் மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். அவன் அதற்குள் போய்விட்டால் யாரும் கூப்பிடக் கூடாது, தாண்டக் கூடாது. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் எதையாவது கடித்துக்கொண்டிருக்கும்போதும் தொடக் கூடாது. கட்டிப்பிடிப்பது கிடையாது. கட்டிப்பிடிப்பது நம் பாசம், பல நாய்களுக்கு அது அசைய முடியாமல் மாட்டிக்கொள்வது.

கட்டிப்பிடிக்க முடியாது என்றதும் சின்னவள் தேம்பித் தேம்பி அழுதாள். அவளுக்காகத்தான் 'மூணு எண்ணு' விளையாட்டு. அவன் தானாகக் கிட்டே வந்தால் நெஞ்சிலோ தோளிலோ தடவலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு. கையை எடுத்துவிட வேண்டும். அவன் இன்னும் நெருங்கி வந்து கையை முட்டினால் இன்னொரு மூணு. முகத்தைத் திருப்பினாலோ நகர்ந்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். முதல் நாள் கையை எடுத்ததும் பஞ்சு எழுந்து போய்விட்டான். அவள் உதடு துடித்தது. நான்காவது நாள் அவன் போகவில்லை. தலையை அவள் உள்ளங்கைக்கு அடியில் நுழைத்தான். அவள் மூச்சுக்கூட விடாமல், கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. அவள் இழுக்காமல், பிடிக்காமல், அவனாகத் தந்தது.

இன்னொன்றையும் தயவுசெய்து உங்கள் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்ல வேண்டும். யாரும் திட்ட மாட்டோம், நாயையும் அடிக்க மாட்டோம். திட்டு விழும், நாயை அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து குழந்தைகள் மறைத்துவிடுகிறார்கள். மனிதர்களுக்கு வரும் ரேபிஸ் கிட்டத்தட்ட முழுவதும் நாயிடமிருந்துதான். அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது. நேரத்தில் சிகிச்சை எடுத்தால் தடுத்துவிடலாம். ரேபிஸ் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபட்டவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். 'நம்ம நாய்தானே, ஊசி போட்டாச்சே' என்று நாமே முடிவு செய்ய வேண்டாம், மருத்துவர் சொல்லட்டும்.

வாசலில் யாராவது தயங்கி நின்றால் அதே பழைய பேச்சு இப்போதும் நாக்கு நுனிவரை வருகிறது. அதை விழுங்கிவிட்டு, "வீட்ல நாய் இருக்கு. உனக்குச் சரியா? வேணாம்னா உள்ள விட்டுக் கதவச் சாத்திடறேன்" என்கிறேன். கூச்சப்படுகிறவர்கள் 'பரவாயில்லை' என்று வாயால் சொல்வார்கள், கை நெஞ்சுக்கு மேலே போகும். கையை நம்புங்கள். கதவைச் சாத்துங்கள்.

மூத்தவளின் அந்தத் தோழியின் அம்மாவுக்கு நான் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். போன சனிக்கிழமை அவள் திரும்ப வந்தாள். பஞ்சு உள்ளே இருந்தான். அரை மணி நேரம் விளையாடிய பிறகு அவளாகவே கேட்டாள், தூரத்தில் இருந்து பார்க்கலாமா என்று. நான் கதவைத் திறந்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். பஞ்சு வெளியே வந்து மூன்று பேரையும் பார்த்துவிட்டு, நேராகத் தன் பாய்க்குப் போய்ச் சுருண்டுகொண்டான்.

"இப்ப அவன் டேப்புக்குள்ள இருக்கான்" என்று சின்னவள் அவளுக்கு விளக்கினாள். "அவனா வந்தா மூணு எண்ணலாம். வரலைன்னா இன்னொரு நாள்."

மூன்று பேரும் சம்மணம் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அவன் வரவில்லை. வண்ணப் பென்சில் டப்பாவை எடுத்துக் கவிழ்த்துப் படம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் தோழியின் கைகள் இரண்டும் தரையில் இருந்தன.

அன்புடன்,
இரண்டு மகள்களின், ஒரு பஞ்சுவின் அம்மா