தேவகிக்கு: பாறை சுடுமுன் இறங்கிவிடுங்கள்

மதுரை,
கார்த்திகை.

அன்புள்ள தேவகி,

கடிதம் கிடைத்தது. புதுக்கோட்டையில் நடைக்குழு தொடங்குகிறீர்கள், முதல் நடை தை மாதம் சித்தன்னவாசலுக்கு என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டதுடீ. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டிருக்கிறாய். எத்தனை மணிக்குள் கடைசி ஆளும் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய். கிளம்பும் நேரம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

உங்கள் ஊர்க் குன்றும் எங்கள் சமணர் மலையும் ஒரே சாதி. மரம் கிடையாது, மண் கிடையாது, மொட்டைப் பாறை. வெயில் மேலிருந்து அடிப்பது பாதி, குடித்த வெயிலைப் பாறை கீழிருந்து திருப்பித் துப்புவது மீதி. தை, மாசியில் ஒன்பதரைக்குள் இறங்கிவிட வேண்டும். பங்குனியில் எட்டு மணி. சித்திரை, வைகாசியில் மலையே வேண்டாம், கண்மாய்க் கரையில் நடந்துகொள்ளுங்கள்.

இனி கணக்கு. முப்பது பேர் என்று வை. இறங்க நாற்பது நிமிஷம், பேச்சுக்கு இருபது, சுற்றிப் பார்க்க முப்பது, ஏற நாற்பத்தைந்து, கூடி எண்ணிக்கை எடுக்கப் பதினைந்து. ஆக இரண்டரை மணி நேரம். ஒன்பதரையிலிருந்து கழித்தால் ஏழு. தை மாதம் சூரியன் உதிக்கவே ஆறரை தாண்டும், ஆகையால் ஏழு மணி சரிதான். அழைப்பில் மட்டும் ஆறரை என்று போடு, நம் சனம் அப்போதுதான் ஏழுக்கு வந்து சேரும்.

வழி பார்க்க இரண்டு பேர் போய் இருபத்தைந்து நிமிஷத்தில் ஏறிவிட்டு, அதையே குழுவின் நேரமாக எழுதிக்கொள்வதுதான் எல்லாக் குழுவிலும் நடக்கும் பிசகு. ஒருவர் பின் ஒருவராக ஏற வேண்டிய ஒரு இடுக்கு இருந்தால் போதும். தலைக்கு இருபது நொடி, முப்பது பேருக்குப் பத்து நிமிஷம். இறங்கும்போது இன்னொரு பத்து. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்கிற சமணர் குகைக்குப் போகும் வழி அப்படிப்பட்டதுதான். அங்கே நின்று கடிகாரம் பிடித்துப் பார்.

முப்பதுக்கு மேல் சேர்க்காதே. முன்னால் வழி தெரிந்த ஒருவர், கடைசியில் ஒருவர், நடுவில் பத்துப் பேருக்கு ஒருவர். கடைசி ஆளாகப் பொறுமைசாலியைப் போடு. வேகமாக நடப்பவரைப் பின்னால் விட்டால் மெதுவாக வருகிறவரை நெருக்கிக்கொண்டே வருவார், அவர் மூச்சு வாங்கித் தடுமாறுவார். முன்னால் போகிறவர் கடைசி ஆள் கண்ணில் படும்வரை நின்று நின்றுதான் போக வேண்டும். அப்படி நிற்கும்போது பின்னால் வருகிறவர்கள் வந்து சேர்ந்ததுமே கிளம்பிவிடக் கூடாது. முன்னே வந்தவர்கள் இளைப்பாறி முடித்திருப்பார்கள், ஓய்வு தேவைப்படுகிறவர் அப்போதுதான் வந்திருப்பார். அவர் வந்த பிறகு மூன்று நிமிஷம் நில்லுங்கள்.

எண்ணிக்கைக்குத் தலையை எண்ணாதே. கிளம்பும்போது ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிடு. ஒன்று, இரண்டு என்று அவரவர் உரக்கச் சொல்ல வேண்டும். எந்த எண் மௌனமோ அந்த ஆள் இல்லை. யார் இல்லை என்பதும் உடனே தெரியும்.

அடுத்து சர்க்கரைக்காரர்கள். நம் வயதில் குழுவில் பாதிப் பேர் அவர்கள்தான். விடிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலைப் பலகாரம் கீழே வந்து சாப்பிடலாம் என்று வெறும் வயிற்றோடு ஏறுவார்கள். பாதி வழியில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் பக்கத்தில் இருப்பவர்கள் வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். அது சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ உடனே வேண்டும். கிளம்பும் இடத்திலேயே எல்லோருக்கும் ஒரு வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துவிடு. மாத்திரை நேரத்தை அவரவர் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், மாசிக்குப் பிறகு ஒன்றரை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கைந்து உன் பையில் இருக்கட்டும். கரைக்குமுன் உறையைப் படித்துப் பார். ஒரு லிட்டருக்கான பொட்டலமும் உண்டு, 200 மில்லிக்கான சின்னதும் உண்டு. பெரியதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு ஏறிப்போகும், குடித்தால் பலனுக்குப் பதில் கெடுதல். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

வழுக்கி விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள், குதிகால் மட்டும் பாறையில் படும், அது சறுக்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உள்ளங்கால் முழுக்கப் பதித்து, நேர் இறக்கமாக வராமல் குறுக்கும் நெடுக்குமாக வரச் சொல். பாறை மேல் கிடக்கும் பொடி மணலில்தான் கால் உருளும், செங்குத்தான இடத்தைவிட அதுவே ஆபத்து. மழைத் தண்ணீர் வடிந்து கறுத்த பட்டைகளைப் பார்த்திருப்பாய். காய்ந்திருந்தால் பிடிமானம் நன்றாக இருக்கும், நனைந்தால் பாசி சோப்பு மாதிரி. மழை விட்டு இரண்டு நாளாவது ஆகட்டும். பழைய ஷூ தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் அவரைக் கீழேயே நிறுத்திவிடு, முகத்தாட்சணியம் பார்க்காதே.

தேனீயைப் பற்றி நீ கேட்கவில்லை. நான் அதைத்தான் அதிகம் பயப்படுவேன். பாறைத் தொங்கலுக்கு அடியில் கறுப்பாக, முறம் அளவுக்கு அடை தொங்கினால் அது மலைத்தேனீ. வழி பார்க்கப் போகும்போதே அண்ணாந்து பார்த்துக்கொண்டே போ. போன மாதம் இல்லாத இடத்தில் இந்த மாதம் இருக்கும், பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் சாதி அது. அடை இருக்கும் பக்கம் குழுவைக் கொண்டுபோகவே வேண்டாம். அன்று சென்ட், பூ, புகை, கூச்சல், கல்லெறிதல், டிரோன் எதுவும் கூடாது. தேனீ கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும், கையை வீசி அடிக்கக் கூடாது. அடிபட்ட தேனீயின் வாசனைக்கே மற்றவை கூடும். நூறு அடியில் நின்றுவிடாதே, வெகுதூரம் துரத்தும். கொடுக்கை நகத்தால் வழித்து எடுத்துவிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நிறைய கொட்டியிருந்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ 108தான். கை வைத்தியம் வேண்டாம்.

இனி உன் சித்தன்னவாசல். ஏழடிப்பட்டம் குன்றின் கிழக்குப் பக்கம், ஓவியங்கள் உள்ள குடைவரையான அறிவர் கோயில் மேற்குச் சரிவில். ஆகையால் வரிசையை மாற்றாதே: முதலில் ஏழடிப்பட்டம், பிறகு அறிவர் கோயில். காலை வெயில் கிழக்கே ஏறுமுன் அந்த இடுக்கைத் தாண்டிவிடலாம், இறங்கி வரும்போது மேற்கில் நிழல் மிச்சம் இருக்கும். ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளில் உள்ள தமிழி (தமிழ் பிராமி) எழுத்தைக் காட்டத் தாழ்ந்த வெளிச்சம்தான் வேண்டும். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டின் ஓரத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சாக்பீஸ் தடவிப் படிக்கிறவர்களை அனுமதிக்காதே. அறிவர் கோயிலுக்குள் ஏழெட்டுப் பேராக அனுப்பு, ஃப்ளாஷ் கூடாது. இரண்டு இடமும் மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. திறக்கும் நேரத்துக்கு ஏற்ப உன் கணக்கைத் திருத்திக்கொள், காவலரிடம் ஒரு வாரம் முன்பே பேசிவிடு.

பேச்சு இருபது நிமிஷத்துக்கு மேல் போனால் பேராசிரியரானாலும் சட்டையைப் பிடித்து இழு. முதலில் உட்கார வைத்துவிட்டுப் பேசச் சொல். நின்றுகொண்டு கேட்டவர்களுக்கு இறங்கும்போது கால் நடுங்கும்.

சாப்பாடு அடிவாரத்தில்தான். மேலே கொண்டுபோனால் குரங்கும் வரும், குப்பையும் தங்கும். சூடாக இருக்கும்போதே பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, ஆளுக்கு நான்கு, முப்பது பேருக்கு நூற்றுமுப்பது சொல்லிவிடு. சட்னி, சாம்பார் வேண்டாம். தேங்காய்ச் சட்னி ஒன்பது மணிக்குள் ஊசிப்போகும், சாம்பாருக்குக் கிண்ணம், கரண்டி, கை கழுவத் தண்ணீர் என்று வேலை பெருகும். மந்தாரை இலை கிடைத்தால் வாங்கு. சாக்குப் பை இரண்டு, போகும்போதே கண்ணில் படும் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு வர.

இரண்டாவது நடைக்கு நார்த்தாமலை நல்லது. மேலமலையில் விஜயாலய சோழீச்சுரம் வரை ஏற்றம் சாய்வுதான், முழங்கால் வலிக்காரர்களும் வருவார்கள். நிழல் குறைவு, அதனால் மாசியைத் தாண்டவிடாதே. காப்புக்காட்டுக்குள் போகும் எண்ணம் இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடி வைக்காதே. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் நடந்தது உனக்கு நினைவிருக்கும், அதன் பிறகு விதிகள் இறுகிவிட்டன.

இங்கே செய்தி என்றால் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டிதான். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அதே பகுதியையும் சேர்த்து 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் விட்டார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்கள் மொத்தமாக எழுந்தன, 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்தார்கள். வெளியூர்க் குழு என்றால் ஊர்க்காரர்கள் இப்போது யார், எதற்கு என்று விசாரிக்கிறார்கள். விசாரிக்கட்டும், அதுதான் நியாயம். அந்த ஊர்க் கழிஞ்சமலைத் தீர்த்தங்கரர் சிற்பத்தின் கீழே வட்டெழுத்தில் ‘பாதிரிக்குடியார் ரட்சை’ என்று காவல் பொறுப்பை ஊர்மேல் போட்டு வெட்டி வைத்திருக்கிறதே. நீயும் எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாளே பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடு. மலையடிவாரத்துக் கருப்பு, அய்யனார் கோயில்களில் செருப்பைக் கழற்றுவது, கொடை நாளில் போகாமல் இருப்பது எல்லாம் அவரே சொல்லித் தருவார்.

வழி பார்க்கப் போகும்போது நடை நடக்கப்போகும் அதே நேரத்துக்குப் போ, சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வராதே. இடுக்கில் ஆன நேரம், நிழல் எந்த மணிக்கு எங்கே இருந்தது, தேனடை உண்டா, கைபேசிச் சிக்னல் எங்கே விட்டுப்போகிறது, இந்த நான்கையும் எழுதி அனுப்பு. பொங்கலுக்கு முன் வந்தால் கணக்கைச் சேர்ந்து போட்டுவிடலாம். சரசு அக்காவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? அவர்களைக் கடைசி ஆளாகப் போடலாமா என்று பார், பொறுமைக்கு அவர்களை விட்டால் ஆள் கிடையாது.

அன்புடன்,
கோமு