கணையப் புற்றுநோயாளிகளுக்குக் கையடக்க மருந்துப் பம்ப் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நோயாளி ஒருவரின் மகள்

பெறுநர்:
சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: 46 மணி நேரக் கீமோ மருந்தை வீட்டிலிருந்தே ஏற்றிக்கொள்ளப் பம்ப் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் தந்தைக்கு வயது 61. கணையத்தில் தொடங்கிய புற்று கல்லீரலுக்கும் பரவிவிட்டதால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. முதலில் பித்தநாள அடைப்புக்கு ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்துவைக்கும் சிறு குழாய்) வைத்து, மஞ்சள் காமாலை இறங்கிய பிறகு ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்துக் கீமோ தொடங்கினார்கள். நோய் முற்றிலும் குணமாகாது என்பதை மருத்துவர்கள் எங்களிடம் மறைக்கவில்லை. 2011-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ஜெம்சிட்டபின் என்ற ஒரே மருந்தை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 6.8 மாதம், இந்தக் கூட்டு மருந்து பெற்றவர்களுக்கு 11.1 மாதம். அந்த நான்கு சொச்ச மாதத்தை நம்பித்தான் அப்பா வாந்தியையும் விரல் மரத்துப்போவதையும் பொறுத்துக்கொள்கிறார்.

இந்தக் கீமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இதிலுள்ள மருந்துகளில் ஆக்சாலிபிளாட்டினும் இரினோடெக்கானும் சில மணி நேரத்தில் ஏறிவிடுகின்றன. ஃபுளூரோயுராசில் மட்டும் 46 மணி நேரம் மெதுவாக இறங்க வேண்டும். அதற்காக மருத்துவமனையில் ஒரு படுக்கை வேண்டும், அதுதான் கிடைப்பதில்லை. மூன்றாம் சுற்று 9 நாளும் ஐந்தாம் சுற்று 6 நாளும் தள்ளிப்போயின. வெள்ளணு குறைந்து தள்ளிப்போனால் உடம்பு கேட்கும் ஓய்வு என்று ஏற்றுக்கொள்கிறோம். படுக்கைக்காகத் தள்ளிப்போவதை எப்படி ஏற்பது? படுக்கை கிடைத்தாலும், எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்போடு பொது வார்டில் இரண்டு இரவு.

இடுப்பில் கட்டிக்கொள்ளும் பலூன் பம்ப்புக்கு மின்சாரம் வேண்டாம். பலூன் சுருங்கச் சுருங்க மருந்து தானே இறங்கும். அப்பாவின் மார்பில் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பதித்த சிறு கருவி) ஏற்கெனவே இருக்கிறது. எனவே இந்தப் பம்ப்பை அரசு மருத்துவமனைகளின் கொள்முதல் பட்டியலில் சேர்க்கவும், மருந்து முடிந்ததும் ஊசியை எடுத்துப் போர்ட்டைக் கழுவ வீட்டருகே உள்ள அரசு மருத்துவமனைச் செவிலியர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். மருந்து கசிந்தாலோ நெஞ்சு வலித்தாலோ இரவிலும் அழைக்க ஒரு தொலைபேசி எண் அவசியம். அது இல்லாமல் பம்ப்பை மட்டும் கொடுத்து அனுப்புவது ஆபத்து.

தனியாக வசிப்பவர்களுக்கும் மிகவும் தளர்ந்தவர்களுக்கும் வார்டு வேண்டும்தான். அப்பாவைப் போன்றவர்கள் வீட்டுக்குப் போனால் அந்தப் படுக்கை அவர்களுக்குக் கிடைக்கும்.

அடுத்த சுற்று இம்மாதம் 21-ஆம் தேதி. அதற்குள் எங்கள் மருத்துவமனைக்கு மட்டுமாவது தற்காலிக அனுமதி வழங்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: சிகிச்சைக் குறிப்பேட்டின் நகல்