முதல் ஆர்டரை நம்மூருக்குக் கொடுங்கள்

பெறுநர்: மதுரையிலும் சுற்று மாவட்டங்களிலும் உள்ள மருத்துவமனைகள், ஆலைகள், கல்லூரிகள், கூட்டுறவு நிறுவனங்கள், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றில் கொள்முதல் பொறுப்பில் இருப்போர்

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

மதுரையைத் தொழில்நுட்ப நகரமாக்கும் பேச்சு வரும்போதெல்லாம் கட்டடத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். இலந்தைக்குளத்தில் அரசின் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தது, வடபழஞ்சியில் வந்தது, மாட்டுத்தாவணிக்கு டைடல் பூங்கா அறிவிப்பு வந்தது. நல்லதுதான். அங்கே வேலை கிடைக்கும் பிள்ளைகள் பெங்களூரு பஸ் ஏற வேண்டியதில்லை. ஆனால் வடபழஞ்சிக் கட்டடம் 2021-ல் கொரோனா சிகிச்சை மையமாகப் பயன்பட்டதையும் பார்த்தோம். வெளியூர்க் கம்பெனி எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. இங்கேயே பிறந்த கம்பெனி பிழைக்குமா என்பது பெருமளவு உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் அமைச்சருக்கும் ஆட்சியருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

சிவகங்கை சாலையில் வீரபாஞ்சான் பக்கம் போனவர்கள் ஆரோலேப் ஆலையைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது, புரை எடுத்துக்கொண்டவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. கண்ணுக்குள்ளேயே பொருத்தும் லென்ஸ் பிறகு பரவலானது. ஆனால் அது வெளிநாட்டுச் சரக்கு, ஒன்று 100 டாலருக்கு மேல். இலவசமாக அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு அதை வைக்கக் கட்டுப்படியாகாது. அதனால் 1992-ல் லென்ஸை இங்கேயே செய்ய ஆரோலேப் தொடங்கப்பட்டது. சிறு வில்லையாக வரும் அக்ரிலிக்கைக் கடைசலில் கடைந்து, மெருகேற்றி, இரு பக்கமும் மயிரிழை போன்ற பிடிகளுடன் கிருமிநீக்கிப் பொட்டலம் செய்யும் வேலை. ஒரு கீறல் விழுந்தாலும் அந்த லென்ஸ் ஆகாது. அந்த வேலையைச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்றுச் செய்கிறார்கள். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு இன்னும் இறங்கியது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போகிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விலையோடு நிறுத்திவிடுவார்கள். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது வேறு: முதல் லென்ஸை யார் வாங்கினார்கள்? அரவிந்த் மருத்துவமனையேதான். என்ன வேண்டும் என்று சொல்ல மருத்துவர்கள் இருந்தார்கள், குறை இருந்தால் அன்றைக்கே சொல்ல முடிந்தது, நாளைக்கும் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. அந்த வாடிக்கையாளர் இல்லையென்றால் எத்தனை நல்ல எந்திரம் இறக்கியிருந்தாலும் ஆரோலேப் நிமிர்ந்திருக்காது.

டி.வி.எஸ். கதையும் வேறல்ல. பஸ் ஓட்டிய நிறுவனத்துக்குப் பழுதுபார்க்கும் பட்டறை தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது வண்டி ஓட்ட, கரியை எரித்து வாயு எடுக்கும் காஸ் பிளான்ட் தேவைப்பட்டது, தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் ஏற்ற ஆலை தேவைப்பட்டது. அந்தந்தத் தேவைக்கு அவர்களே செய்துகொண்டார்கள். மதுரையில் ரப்பர் தொழில் வேர்பிடித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மாறாக ஒன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு மனம் ஆறாத விஷயம் இது. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா. வாசுதேவன் கழிவுப் பிளாஸ்டிக்கைக் கொண்டு சாலை போடும் முறையைக் கண்டார். துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும், அதன்பின் தார் நன்றாகப் பிடிக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. 2006-ல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது, 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. நாடு முழுக்க அப்படிச் சாலை போடுகிறார்கள். அந்த அறிவைச் சுற்றி, துண்டாக்கும் எந்திரமும் தூவும் கருவியும் தரச்சோதனையுமாகக் கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைகளில் ஒரு தொழில்கூட்டமே எழுந்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு எழவில்லை. இந்த ஊரின் அறிவு இந்த ஊருக்குச் சோறு போடாமல் போனது எனக்கு ஆதங்கம்.

நான் புதூர் சிட்கோவில் ஒரு சிறு கருவிப் பட்டறை நடத்துகிறேன். குளிர் அறைகளின் வெப்பநிலையைப் பதிவுசெய்து, அளவு மீறினால் பொறுப்பாளருக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி செய்கிறோம். நம் பக்கத்தில் பலர் வைத்திருக்கும் வெளிநாட்டுக் கருவி, அறைக்குள்ளேயே பீப் அடிக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் பூட்டிய அறைக்குள் அடிக்கும் அந்தச் சத்தம் யார் காதில் விழும்? நாங்கள் வாட்ச்மேனின் சாதா போனுக்கு மணி அடிக்க வைத்தோம். கேலிபரேஷனுக்கு, அதாவது அளவு சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க, கருவியைக் கழற்றிப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், எங்கள் பையன் எக்ஸ்.எல். வண்டியில் வந்து அங்கேயே சரிபார்த்துவிடுவான்.

ஒரு பெரிய நிறுவனம், பெயர் வேண்டாம், எங்கள் கருவியை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தது. குளிர் அறையைப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் பிடித்துப்போனது. கோப்பு கொள்முதல் பிரிவுக்குப் போனதும் கேள்வி வந்தது: மூன்று ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு, இதே போன்ற நிறுவனங்களுக்கு ஏற்கெனவே சப்ளை செய்த சான்று எங்கே? இரண்டும் எங்களிடம் இல்லை. எங்களுடையதைவிட அதிக விலைக்கு வெளியூர்ச் சரக்கு வந்து இறங்கியது. அந்தப் பிரிவில் இருந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் எல்லோரும் முன் அனுபவம் கேட்டால், முதல் அனுபவத்தைக் கொடுப்பது யார்?

விதியே இடம் கொடுக்கிறது என்பதையும் நினைவுபடுத்துகிறேன். பதிவுபெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு, தரத்தை விட்டுக்கொடுக்காமல், முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளைத் தளர்த்த மத்திய அரசுக் கொள்முதலில் 2016 முதல் வழி இருக்கிறது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைச் சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற கொள்கையும் உண்டு. தனியார் நிறுவனங்களுக்கோ கையைக் கட்டும் விதியே கிடையாது, மேலாண்மை மனசு வைத்தால் போதும்.

எல்லாவற்றையும் உள்ளூரில் வாங்கச் சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ. எந்திரத்தை நான் செய்து தருகிறேன் என்று வரமாட்டேன். தரம் குறைந்ததைப் பாசத்துக்காக வாங்கவும் வேண்டாம், அது எங்களைத்தான் முதலில் கெடுக்கும். சோதித்துப் பார்த்து, முடிவை எழுத்தில் கொடுங்கள். தேறவில்லை என்றால் எங்கே தேறவில்லை என்று எழுதுங்கள். உங்கள் லெட்டர்ஹெட்டில் வரும் ஒரு பக்கச் சோதனை அறிக்கை, எந்தப் பரிசுக் கோப்பையைவிடவும் எங்களுக்குப் பெரிது. வங்கியில் காட்டலாம், அடுத்த வாடிக்கையாளரிடம் காட்டலாம்.

பணத்தையும் நேரத்துக்குக் கொடுங்கள். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு, குறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி. சட்டம் இருந்தும் எங்களில் யாரும் வட்டி கேட்பதில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். ஐந்து பேர் வேலை பார்க்கும் பட்டறையில் ஒரு பில் ஆறு மாதம் நின்றால் சம்பளம் நிற்கும். சம்பளம் நின்றால், நாங்கள் கைப்பிடித்துக் கற்றுக்கொடுத்த பையன் ஓசூருக்குப் போய்விடுவான்.

இன்னொன்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிவதே இல்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்குகிறது. ஒத்தக்கடையில் வேளாண் கல்லூரி இருக்கிறது, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறைகள் இருக்கின்றன. துருப்பிடிக்கும் பம்ப், கெட்டுப்போகும் மல்லிகை, ஆலைக் கழிவுநீர் என உங்களுக்கு அன்றாடம் தலைவலி தரும் எத்தனையோ விஷயங்களுக்கு அங்கே விடை தெரிந்தவர்கள் இருக்கக்கூடும். உங்கள் தலைவலி என்னவென்று அவர்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த நிதியாண்டுக்கான கொள்முதல் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்போது, அதில் எவற்றை உள்ளூரில் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு முறை குறித்துப் பாருங்கள். அந்தக் குறிப்பை, நம் மாவட்டச் சிறுதொழில் சங்கமான மடீட்சியாவுக்கும், புதுத் தொழில்களுக்கு உதவும் மாநில அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டி.என்.-னின் மதுரை மையத்துக்கும் அனுப்புங்கள். சிறு தொகை போதும், ஒரு வார்டுக்கு, ஒரு ஷெட்டுக்கு, ஒரு பம்ப் அறைக்குப் போதும். கருவியைத் தூக்கிக்கொண்டு உங்கள் இடத்துக்கே வந்து ஓட்டிக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
புதூர் தொழிற்பேட்டையில் கருவிப் பட்டறை நடத்தும் ஒருவன்