இளையாள் பிள்ளையும் பிறந்த ஊரும்

ஆசிரியருக்கு,

மலாயாச் சீனக் குடும்பங்களைப் பற்றிய உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை, இளையாள் (மூத்த மனைவி இருக்கக் கொண்ட இளைய மனைவி) பிள்ளைகளை ஆங்கிலேயர் சட்டம் பிரஜையாகவே ஏற்கவில்லை என்கிறது. சொத்து வழக்குகளையும் பிரஜா உரிமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்த வினை இது.

1914-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பிரஜா உரிமைச் சட்டப்படி, பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சிப்பகுதியில் பிறந்த குழந்தை பிரிட்டிஷ் பிரஜை. தாய் மூத்தாளா, இளையாளா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அன்று மன்னரின் மண். ஈப்போவும் கோலாலம்பூரும் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சுல்தான்களின் அரசுகளைச் சேர்ந்தவை; அங்கே பிறந்த பிள்ளைக்கு இது பொருந்தாது.

பிள்ளை சீனாவில் பிறந்தால்தான் சிக்கல். பினாங்கில் பிறந்த வணிகர் ஒரு மனைவியைச் சீனத் துறைமுகமான அமோயில் வைத்திருந்தார் என்று கொள்வோம். அமோயில் பிறந்த மகன் தகப்பன் வழியாகவே உரிமை கோர முடியும்; அதற்கு முறையான மணத்தில் பிறந்தவன் என்று நிரூபிக்க வேண்டும். பொதுவாக, வெளிநாட்டில் பிறந்த பிரஜைக்கும் வெளிநாட்டிலேயே பிள்ளை பிறந்தால், 1922 திருத்தப்படி ஓராண்டுக்குள் பிரிட்டிஷ் தூதரகத்தில் பதிய வேண்டியிருந்தது. தவறவிட்டால், சிறப்புக் காரணம் காட்டினால் ஒழிய, உரிமை போயிற்று. 1909-இல் வந்த சீனச் சட்டமோ, தகப்பன் சீனர் என்றால் பிள்ளை எங்கே பிறந்தாலும் தன் பிரஜை என்றது. ஆக, பினாங்குப் பிள்ளைக்கு இரண்டு கொடி.

கட்டுரையாளர் நினைத்தது சொத்துப் பங்கீட்டை என்றால், அதிலும் நிலைமை நேர்மாறு. 1908-இல் சிங்கப்பூரில் தீர்ப்பான 'ஆறு விதவைகள்' வழக்கு இளைய மனைவியரையும் விதவைகளாக ஏற்றது. ஆங்கிலச் சட்டம் பிள்ளைகள் இருக்கும்போது விதவைக்கு அன்று தந்த மூன்றில் ஒரு பங்கை அவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது: மூன்று மனைவியர் என்றால் ஆளுக்கு ஒன்பதில் ஒரு பங்கு. சீன வழக்கத்தில் மூத்தாளும் இளையாளும் சமமே இல்லை. ஆங்கிலச் சட்டத்திலோ ஒரே விதவைதான். இரண்டிலும் இல்லாத ஒன்றை நீதிமன்றமே உண்டாக்கிவிட்டது! இளையாளைக் கொள்ளச் சடங்கும் கட்டாயமில்லை என்று 1920-இல் காலனிகளுக்கு லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது. எழுத்துச் சான்று இல்லாத வீடுகளில் 'மனைவியாகவே வாழ்ந்தாள்' என்ற சாட்சியமே வழக்கின் உயிர்நாடியாக இருந்தது.

பினாங்கில் பிறந்த தாத்தாவின் காகிதங்களைத் தேடும் சென்னைக் குடும்பங்களுக்கும் பிறந்த ஊர் பற்றிய இதே விதிதான். தமிழருக்குத் தனிச் சட்டம் இருக்கவில்லை. பிறப்புப் பதிவில் முதலில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். அது பினாங்கு என்றிருந்தால், தாத்தாவைப் பெற்றவளின் திருமணச் சான்று கிடைக்காததால் தாத்தாவின் அன்றைய பிரிட்டிஷ் பிரஜா உரிமைக்குக் குறைவில்லை.

சட்ட வாசகர்கள் சிலர்,
பாரிமுனை, சென்னை-1.